ஒன்பது மணிக்குக் கொஞ்சம் வழிவிடுங்கள்

சார்ஜாவின் முவைலாவில் ஒரே வீட்டையும் ஒரே அடுப்படியையும் ஒரே நெட் இணைப்பையும் பங்கு போட்டுக்கொண்டு வாழும் அண்ணன்மார்களே, தம்பிகளே, குடும்பத்தோடு ஓர் அறைக்குள் காலம் தள்ளும் சகோதரிகளே!

உங்களில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியும். சஃபாரி மாலில் சின்ன வெங்காயம் பொறுக்கும்போது பார்த்திருக்கிறேன். மதியம் பள்ளிக்கூட வண்டிகள் பிள்ளைகளை இறக்கிவிடும் நேரத்தில் கட்டட வாசலில் நின்றிருக்கிறீர்கள். "உங்க வீட்லயும் நெட் ஸ்லோவா?" என்று லிஃப்டில் கேட்டிருக்கிறீர்கள். லிஃப்ட் மூன்றாவது மாடிக்குப் போவதற்குள் அதற்குப் பதில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று அறைகள், ஒன்பது பேர். நடு அறை அண்ணனுக்குப் புதுக்கோட்டைப் பக்கம். தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஊருக்குப் பேசுவார். நமக்கு ஒன்பது என்றால் அங்கே பத்தரை. நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் அந்த ஒரு அழைப்புக்காகத் தூக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அப்பா முகத்தைப் பார்த்த பிறகுதான் படுப்பாள். சில மாதங்களாக அந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் நெட் ஒழுங்காக வரவில்லை. ஒருவருக்கு மேட்ச் சுற்றிக்கொண்டே நின்றது, இன்னொருவருக்கு அலுவலக மீட்டிங் அறுந்தது. எல்லோர் கண்ணுக்கும் முன்னால் போனைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு வியாழக்கிழமை இரவு, "வீடியோ கால் போட்டே மொத்த நெட்டையும் இழுத்துடறீங்கண்ணே" என்று ஒரு தம்பி நேருக்கு நேராகச் சொல்லிவிட்டான். அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. மறுநாளிலிருந்து ஒன்பது மணியானால் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்.

காற்றாட நடக்கப் போகிறார் என்றே நினைத்திருந்தேன். ஜூலை மாத இரவில், கதவைத் திறந்து வெளியே வந்தாலே மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிற இந்த ஊரில், யார் காற்றாட நடப்பார்கள் என்று யோசிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கார் நிறுத்தும் மணல்வெளியில் நின்று, சொந்தக் காசில் டேட்டா போட்டு, மகளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

அலுவலகங்களுக்கு நெட்வொர்க் பார்த்துக்கொடுப்பது என் தொழில். பதினான்கு வருடமாக அதில்தான் சோறு. அவர் மேல் அந்தப் பழி விழுந்தபோது அது தவறு என்று எடுத்துச் சொல்லும் அறிவு உள்ளவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். நானும் வாய் திறக்கவில்லை. நான் செய்த அந்தத் தவறு உங்கள் வீட்டிலும் நடந்துவிடக் கூடாது என்பதுதான் இந்த மடலின் அவசரம்.

தெரியவந்த அன்றே அண்ணனை மேலே அழைத்து, வீட்டு வைஃபையிலேயே மகளிடம் பேசச் சொன்னேன். ரவுட்டர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அளந்தேன். அவர் வீடியோ கால் இரண்டு எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. ஆனால் வீட்டிலிருந்து வெளியே போகும் பாதை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நிரப்பியது முதல் அறைக் கட்டிலுக்கு அடியில் திரை அணைந்து கிடந்த ஒரு லேப்டாப். வாரக்கணக்கில் முன்னால் இறக்கி முடித்த படங்களை, யாரென்றே தெரியாத ஊர்களுக்கு அது டோரண்ட் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தது. கூடவே இன்னோர் அறையில் ஒரு போன், ஊரில் நடந்த கல்யாணத்தின் வீடியோக்களை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. லேப்டாப்பின் சொந்தக்காரன் இரவு ஷிஃப்டுக்குப் போயிருந்தான். போனின் சொந்தக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். இருவருக்குமே ஒன்றும் தெரியாது. பழி மட்டும், விழித்திருந்து மகளோடு பேசியவர் மேல்.

ஆகவே உங்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இது. நெட் மெதுவானால் ஆளைக் கண்ணால் தேடாதீர்கள். கையில் போன் வைத்திருப்பவர் பெரும்பாலும் காரணமாக இருக்க மாட்டார். இரண்டாவது, நீங்கள் எல்லோரும் டவுன்லோடைப் பார்க்கிறீர்கள். நம்மை மூச்சுத் திணற வைப்பது அநேகமாக அப்லோட்.

டோரண்ட் என்பது என்ன செய்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 2001-ல் பிராம் கோஹன் என்ற நிரலாளர் பிட்டோரண்ட் முறையை வெளியிட்டார். ஒரு பெரிய கோப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, வாங்குகிறவர்கள் எல்லோரையும் கொடுக்கிறவர்களாகவும் ஆக்குவது அதன் அடிப்படை. ஒரு துண்டு உங்களுக்கு வந்த உடனே அது இன்னொருவருக்குப் போகத் தொடங்கும். கொடுக்கிறவனுக்கே அதிகம் கொடு என்பதுதான் அதன் கணக்கு. பெரிய சர்வர் எதுவும் இல்லாமல் லட்சம் பேருக்கு ஒரு கோப்பைக் கொண்டுசேர்க்க அதைவிட அழகான வழி இன்றுவரை குறைவு. லினக்ஸ் நிறுவல் கோப்புகளை அப்படித்தான் நானே இறக்குகிறேன். குறை அந்த முறையில் இல்லை. இறக்கி முடித்த பிறகும் அது கொடுத்துக்கொண்டே இருக்கும் என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை, குறை அங்கேதான். திரையில் நூறு சதவீதம் என்று வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். டோரண்டைப் பொறுத்தவரை அப்போதுதான் அது முழுநேரக் கொடையாளி ஆகிறது.

அந்தக் கொடை போகும் பாதை எவ்வளவு அகலம் என்று பாருங்கள். கண்ணாடியிழைக் கம்பி வீட்டுக்குள்ளேயே வந்து சேர்வதில் அமீரகம் பல வருடங்களாக உலகின் முன்வரிசையில் இருக்கிறது. நமக்கு அது பெரிய வரம். ஆனாலும் வீடுகளுக்குப் பரவலாகப் போடப்படும் ஜிபான் வகை இழையில், பல வீடுகள் பங்கிடும் மொத்தத் தடத்திலேயே உள்ளே வரும் வேகம் ஏறக்குறைய 2.5 ஜிகாபிட், வெளியே போகும் வேகம் அதில் பாதி. அதற்கு மேல் நம் ஒப்பந்தத்திலும் பல திட்டங்களில் அப்லோட் எண் டவுன்லோடைவிடச் சிறியதாகவே இருக்கும். கம்பி இல்லாமல் சிம் போட்டு ஓடும் ஹோம் வயர்லெஸ் பெட்டி என்றால் இடைவெளி இன்னும் பெரிது. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து அந்த இரண்டாவது எண்ணைப் பாருங்கள். மாதாமாதம் எல்லோரும் காசு போட்டு வாங்கும் இணைப்பில் அந்த எண் என்னவென்று வீட்டில் ஒருவருக்காவது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

"அப்லோட் நிரம்பினால் எனக்கென்ன, நான் படம் பார்ப்பது டவுன்லோடில்தானே?" என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நெட்டில் எதுவும் ஒருவழியாக நடப்பதில்லை. அந்தப் பக்கத்திலிருந்து சில தரவுப் பொட்டலங்கள் வந்ததும், "வந்து சேர்ந்தது, அடுத்ததை அனுப்பு" என்று உங்கள் கருவி பதில் போட வேண்டும். மிகச் சின்னப் பதில்தான், ஆனால் அது வெளியே போகும் பாதையில்தான் போயாக வேண்டும். அந்தப் பாதை அடைத்துக்கொண்டால் பதில் தாமதமாகும். பதில் தாமதமானால் அனுப்புகிறவர் கையை இழுத்துக்கொள்வார். உள்ளே வரும் பாதை காலியாகக் கிடக்க, உங்கள் படம் சுற்றிக்கொண்டே நிற்கும்.

இதைவிடப் பெரிய கேடு வரிசை. ரவுட்டருக்குள் ஒரு காத்திருப்பு இடம் இருக்கிறது. வெளியே போக முடியாத பொட்டலங்கள் அங்கே ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். உங்கள் அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். காத்திருப்பு இடத்தில் ஒரு மெகாபைட் சேர்ந்திருந்தால் அது எட்டு மெகாபிட். அது கரைய 0.8 நொடி. அண்ணன் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால், அந்தக் குரலின் ஒவ்வொரு துணுக்கும் அந்த வரிசையின் வாலில் போய் நின்று 0.8 நொடி காத்திருந்துதான் வாசலைத் தாண்டும். நொடிக்கு ஐம்பது துணுக்குகளாகப் போவது குரல். பேச்சு இயல்பாக இருக்க, ஒருபக்கத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. நேரம் தவறி வந்த துணுக்கை அந்தப் பக்கத்துப் போன் தூக்கி எறிந்துவிடும். அதைத்தான் நாம் "வாய்ஸ் உடையுது" என்கிறோம்.

இங்கிருந்து தமிழ்நாடு ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர். இழைக்குள் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். நேர்கோட்டில் கணக்குப் போட்டால் 15 மில்லிநொடி. கடலடிக் கம்பி வளைந்து சுற்றிப் போவதால் அது சில மடங்கு கூடலாம். அரபிக்கடலைத் தாண்ட ஆகும் நேரத்தைவிட நம் வீட்டு ஹாலைத் தாண்ட அந்தக் குரலுக்குப் பல மடங்கு அதிகம் ஆகிறது. அன்றிரவு நான் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது மனசு கனத்துவிட்டது. கடல் நம்மைப் பிரித்தது போதாதென்று கட்டிலுக்கு அடியில் இருக்கும் ஒரு பெட்டியும் பிரிக்கிறது.

இது முவைலாவில் மட்டும் நடப்பதல்ல. ஜிம் கெட்டிஸ் என்ற அனுபவமிக்க பொறியாளர், 2010-ல் தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போதெல்லாம் வீட்டு நெட் படுத்துவிடுவதைப் பார்த்து, ஏன் என்று துருவினார். கருவி செய்கிறவர்கள் நல்லது என்று எண்ணிக் காத்திருப்பு இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனதுதான் காரணம் என்று கண்டார். 'பஃபர்ப்ளோட்' என்று அதற்குப் பெயர் வைத்தார். பெரிதானால் ஏன் கெடுதல் என்பதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும். 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, நானூறு கெஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் போன இணைப்பு 40 பிட்டாகச் சுருங்கியது. எழுத்துப்பிழை இல்லை, 40தான். எல்லோரும் ஒரே நேரத்தில் தள்ளியதால் ஒருவருக்கும் போகவில்லை. வான் ஜேக்கப்சன் 1988-ல் அதற்குத் தீர்வை எழுதினார்: பொட்டலம் ஒன்று தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு, அனுப்புகிறவன் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய இணையம் நிற்பது அந்த விட்டுக்கொடுத்தலின் மேல்தான். ஆனால் காத்திருப்பு இடம் மிகப் பெரிதாக இருந்தால் எதுவும் சீக்கிரம் தொலையாது. தொலையாததால் யாரும் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். வரிசை நீண்டுகொண்டே போகும்.

அதற்கு மேல் ஒரு அநியாயம். நெரிசலான பாதையை இணையம் ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பதில்லை, ஏறத்தாழத் தொடர்புக்கு ஒரு பங்கு என்று பிரிக்கிறது. அண்ணனுக்கு ஒரு தொடர்பு, டோரண்டுக்கு நாற்பது தொடர்பு என்றால் 41 பங்கில் அவருக்கு ஒன்று. ரேஷன் கடை வரிசையில் ஒருவன் நாற்பது பையை இடம் போட்டு வைத்த கதை. பிட்டோரண்ட் செய்தவர்களே இதை உணர்ந்து, மற்றவர் வந்தால் ஒதுங்கி நிற்கும் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். அது 2012-ல் சோதனைநிலை இணைய ஆவணமாக எழுதப்பட்டது. ஆனால் அதுவும் 100 மில்லிநொடி வரை வரிசை சேர இடம் கொடுக்கிறது. குரலுக்கு இருக்கும் 150-ல் அதுவே மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடும். மென்பொருள் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

டோரண்டை மட்டும் குற்றம் சொன்னால் அதுவும் பழிபோடுவதுதான். விடுமுறைக்குப் போய்வந்தவர் போனில் 40 ஜிபி கல்யாண வீடியோ இருந்தால், 10 எம்பிபிஎஸ் அப்லோடில் அது கிளவுடுக்கு ஏற ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். அந்த ஒன்பது மணி நேரமும் வாசல் அவருடையது. விண்டோஸ் 10 வந்ததிலிருந்து, அதன் அப்டேட்டுகளைக்கூட உங்கள் கணினி வெளியாருக்குப் பகிர வழி இருக்கிறது. 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்ற செட்டிங்கில் போய், இணையத்தில் உள்ள மற்றக் கணினிகளுக்கு அனுப்புவதை அணைத்து வையுங்கள்.

வைஃபையைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் கட்டடங்களில் அது தனிச் சிக்கல். போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீடு, எதிர் வீடு என்று எத்தனை பெயர்கள் வருகின்றன? 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே மூன்று. ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தூரத்து அறையில் சிக்னல் குறைந்த லேப்டாப், அதே கோப்பை அனுப்ப அதிக நேரம் எடுக்கும், மற்றவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு ரிப்பீட்டர் வைத்தால், மலிவான வகைகளில் ஒவ்வொரு பொட்டலமும் அதே தடத்தில் இரண்டு முறை போகும். எனவே வெளியே எதுவும் போகாமல், அறைக்கு அறை படம் மாற்றிக்கொண்டாலும் காற்று அடைபடும். ஒரு ஹார்ட் டிஸ்கைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தால் ஐந்து நிமிடம்.

"பேசாமல் பெரிய பிளானுக்கு மாறிவிடலாமே?" இந்த யோசனைக்குத்தான் ஒவ்வொரு வீட்டிலும் கூட்டம் போடுகிறோம், ஆளுக்கு இத்தனை திர்ஹம் என்று பிரிக்கிறோம். மாறுவதில் தப்பில்லை. ஆனால் அளவு கட்டாத டோரண்ட், புதிய அகலத்தையும் முழுசாக நிரப்பும். அதன் இயல்பே அது. கொஞ்சம் சம்பளம் வாங்கும் தம்பியிடமும் கூடுதல் காசு வாங்கிவிட்டு, அவன் அம்மாவின் குரல் அதே மாதிரி உடைந்தால் அவனுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

இன்னொன்றைச் சுருக்கமாக, ஆனால் அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். அந்த லேப்டாப்பில் இருந்தவை புதுப் படங்கள். டோரண்டில் படம் இறக்குகிறவர் பார்வையாளர் மட்டுமல்ல, அந்தப் படத்தை ஊருக்கு விநியோகிக்கிறவரும் ஆகிறார். இந்த நாட்டின் பதிப்புரிமைச் சட்டம், 2021-ஆம் ஆண்டின் 38-ஆம் எண் கூட்டாட்சி ஆணைச் சட்டம், அதைக் குற்றமாகப் பார்க்கிறது. வீபிஎன் போட்டால் வரிசை ஒரு பொட்டலம்கூடக் குறையாது. குற்றத்தை மறைக்க வீபிஎன் பயன்படுத்தினால் 2021-ன் 34-ஆம் எண் இணையக் குற்றச் சட்டப்படி அபராதம் 5 லட்சம் திர்ஹத்திலிருந்து 20 லட்சம் வரை போகும், சிறையும் உண்டு. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? வீட்டில் உள்ளவர்களில் ஒருவர் தன் எமிரேட்ஸ் ஐடியைக் கொடுத்து வாங்கினார். முதலில் கேள்வி அவரைத் தேடித்தான் வரும். அவருக்கும் ஊரில் குடும்பம் இருக்கிறது. அந்தப் படங்களை எடுத்தவர்களுக்கும் இருக்கிறது. தயவுசெய்து திருட்டுப் படத்தை நிறுத்துங்கள்.

ஒரே பாதையை முறை வைத்துப் பங்கிடுவதை நான் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். நான் பிறந்தது காவிரியின் கடைமடை, வேதாரண்யம் பக்கம். மேட்டூர் திறந்தாலும் எங்களுக்குத் தண்ணீர் கடைசியில்தான் வரும், சில வருடம் வராமலே போகும். தண்ணீர் குறைந்த வருடம் முறை வைப்பார்கள். இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அடுத்ததற்கு இத்தனை நாள். ராத்திரி மண்வெட்டியோடு அப்பா மடையில் காவல் நிற்பார். இந்த மண்ணுக்கும் அந்த அறிவு புதிதல்ல. நாம் குடியிருக்கும் முவைலாவிலேயே இரும்புக்காலக் குடியிருப்பு ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தை ஒட்டித்தான் இந்த நிலப்பகுதியில் ஃபலஜ் என்ற நிலத்தடி வாய்க்கால்கள் பரவின. ஓமானில் நிழற்கடிகாரம் வைத்தும், இரவில் நட்சத்திரம் பார்த்தும் ஃபலஜ் தண்ணீரை முறை பிரித்தார்கள். யுனெஸ்கோ 2006-ல் அந்த ஓமான் வாய்க்கால்களில் சிலவற்றை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பாலைவனத்தில் ஒரே ஊற்றை ஊரே பங்கிட்டு வாழ்ந்திருக்கிறது.

நெட்டுக்கும் தண்ணீருக்கும் ஒரு வேறுபாடு உண்டு, அது நமக்குச் சாதகமானது. கடைமடைக்காரனுக்கு வேண்டியது நிறையத் தண்ணீர். ஒன்பது மணிக்குப் பேசுகிறவருக்கு வேண்டியது சொட்டுத்தான், நேரத்துக்கு வந்தால் போதும். கொடுக்கிறவருக்கு அதில் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. நாம் ஒருவரை ஒருவர் பகைத்துக்கொள்ள இங்கே உண்மையில் காரணமே இல்லை.

அதனால் கேட்கிறேன். டோரண்ட் வைத்திருப்பவர்கள் அதைத் திறந்து அப்லோட் வேகத்துக்கு ஓர் அளவு கட்டுங்கள். அங்கே எண் கிலோபைட்டில் இருக்கும், ஒப்பந்தத்தில் மெகாபிட்டில். எட்டால் வகுக்க வேண்டும். 10 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 1,250 கிலோபைட். ஆட்கள் விழித்திருக்கும் நேரத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு, 400 என்று வையுங்கள். பூஜ்யம் போடாதீர்கள், பல மென்பொருள்களில் பூஜ்யம் என்றால் அளவே இல்லை என்று பொருள். ஒரே நேரத்துத் தொடர்புகளின் எண்ணிக்கையையும் குறையுங்கள். நேர அட்டவணை வசதி பெரும்பாலும் உள்ளேயே இருக்கும், நள்ளிரவு ஒன்றிலிருந்து காலை ஐந்து வரை முழு வேகம் என்று குறித்துவிட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை. போன் பேக்கப்பையும் அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள். அந்த லேப்டாப்பை முடிந்தால் கம்பியில் மாட்டுங்கள், காற்றாவது மற்றவர்களுக்கு மிஞ்சும்.

ரவுட்டர் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் தனியாகக் கேட்கிறேன். அதில் எஸ்க்யூஎம் என்ற வசதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அப்லோட் அளவை உண்மை வேகத்தில் 85 அல்லது 90 சதவீதமாகக் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு தொடர்புக்கும் தனி வரிசை போட்டு, கொஞ்சமாக அனுப்பும் தொடர்பின் பொட்டலத்தை முன்னால் விடும் எஃப்க்யூ-கோடல் என்ற முறை அதற்குள் ஓடும். வான் ஜேக்கப்சனும் கேத்லீன் நிக்கல்ஸும் 2012-ல் வெளியிட்ட கோடல் என்ற யோசனையிலிருந்து வளர்ந்தது அது. இணைப்போடு தரும் பெட்டிகளில் இந்த வசதி இருப்பது அரிது. அது உள்ள இன்னொரு ரவுட்டரை எல்லோரும் சேர்ந்து வாங்குவது, பிளானை உயர்த்துவதைவிட நல்ல செலவு என்பது என் தொழில் அனுபவம். பலன் தெரிகிறதா என்று பார்க்க ஃபாஸ்ட்.காம் போய் 'மேலும் விவரம்' அழுத்துங்கள். சும்மா இருக்கும்போது உள்ள தாமதம், சுமை இருக்கும்போது உள்ள தாமதம் என்று இரண்டு எண் வரும். 20-ம் 600-மாக இருந்தால் உங்கள் வீட்டில் வரிசை நிற்கிறது. இரண்டும் நெருங்கி வந்தால் தீர்ந்தது.

எங்கள் வீட்டுத் தம்பியிடம் ரவுட்டர் பக்கத்தைக் காட்டி இதையெல்லாம் சொன்னபோது அவன் முகம் வாடிவிட்டது. அண்ணனைக் குறைசொன்னவன் அவனேதான், லேப்டாப்பும் அவனுடையதுதான். "எனக்குத் தெரியாதுண்ணே" என்றான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. திருட்டுப் படங்களை அழித்தான், மிச்சமிருந்த டோரண்டுகளுக்கு அளவு கட்டினான். அப்போது மணி எட்டே முக்கால். செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அண்ணனின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, ரவுட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தான்.

சார்ஜாவில் வியாழன் இரவோடு பலருக்கு வாரம் முடிகிறது. படம் இறக்குவதும் அன்றுதான் அதிகம், ஊருக்கு நீண்ட நேரம் பேசுவதும் அன்றுதான். இந்த வியாழக்கிழமை எட்டு மணிக்கு உங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு கால்மணி நேரம் ஹாலில் உட்காருங்கள். யார் கருவி என்ன அனுப்புகிறது என்று ஒன்றாகப் பாருங்கள், சண்டைக்காகப் பார்க்காதீர்கள். ஒன்பதிலிருந்து பத்தரை வரை வாசல் ஊருக்குப் பேசுகிறவர்களுக்கு என்று முறை வையுங்கள். அதற்குப் பிறகு ஜன்னல் வழியாக ஒருமுறை கீழே எட்டிப் பாருங்கள். கார்களுக்கு நடுவே யாராவது போன் வெளிச்சத்தில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றால், அவர் எந்த வீட்டுக்காரராக இருந்தாலும் சரி, மேலே கூப்பிடுங்கள்.